இருட்டுத் தட்டு

மூன்றாவது முறையும் இருட்டில் வைத்த செல்கள் செத்துப்போனதும், எழில்மதி இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு நெய்வேலியில் அம்மாவிடம் வந்துவிட்டாள்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று வருடமாக அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கருஞ்சிவப்புத் தூள். ஓர் உலோகத்தோடு, இரத்தத்துக்கு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒரு நிறமியைக் கோத்துக் கட்டியது. உள்ளே முழுக்கக் கண்ணுக்கு எட்டாத துளைகள். சிவப்பு வெளிச்சம் பட்டால் துளைகளுக்குள் நுழைகிற ஆக்சிஜன் மூர்க்கமாகிப் பக்கத்திலிருக்கும் புற்றுச்செல்லைக் கொன்றுவிடும். வெளிச்சம் படாத இடத்தில் தூள் சும்மா கிடக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல உடம்பையும் சேர்த்து அழித்துவிடும். இவளுடையதோ இருட்டிலும் கொன்றது. இது வெறும் விஷம், வேறு தலைப்பு பாருங்கள் என்று வழிகாட்டி சக்கரபாணி சொல்லிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வீட்டில் மதியச் சாப்பாட்டின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தபோது, தம்பி அறிவழகன் முதல் ஷிப்ட் முடிந்து வந்தான். மைன்ஸில் பழுப்பு நிலக்கரி போகும் பெல்ட்டில் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை. பூட்ஸ் முழுக்கச் சேறு. ஒரு மாசமாக மழையே இல்லையே, சேறு எங்கிருந்து வந்தது என்று அம்மா சரிதா கேட்டாள்.

"மழை எதுக்கும்மா? கரியைக் கையில எடுத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள பாதி தண்ணி. உடைச்சாதான் வெளிய வரும்."

எழில்மதி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவளுடைய தூளும் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அது உருவானது ஒரு நச்சுக் கரைப்பானில். இரண்டு முறை கழுவியதோடு விட்டிருந்தாள். அத்தனை துளைகளுக்குள்ளும் கரைப்பான் மிச்சம் இருந்திருந்தால்? செல்களைக் கொன்றது தூளே இல்லையென்றால்?

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். லீவு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று அம்மா சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். அதற்குள் இவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

அன்றைக்கே ஆய்வகத்துக்குத் திரும்பி, நூறு மில்லிகிராம் தூளை வெற்றிட அடுப்பில் சூடாக்க வைத்தாள். காலையில் எடை போட்டால் எழுபத்திரண்டு. தராசு கெட்டிருக்குமோ என்று இரண்டாவது தடவையும் போட்டாள். எழுபத்திரண்டேதான். குறைந்த இருபத்தெட்டும் துளைகளுக்குள் ஒளிந்திருந்த கரைப்பான். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

புதுத் தூளை ஐந்து நாள், தினம் மூன்று முறை ஆல்கஹால் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவி, பிறகு சூடாக்கிக் காயவைத்தாள். அடுத்த சனிக்கிழமை வாய்ப்புற்றுச் செல்கள் வளர்ந்த இரண்டு தட்டுகளில் அதைப் போட்டாள். ஒன்றுக்குச் சிவப்பு விளக்கு, மற்றதற்கு இருட்டு. ஞாயிறு காலை படம் எடுக்கும் பொறுப்பை விடுதியில் தங்கியிருந்த ஆய்வகத் தோழி இசைப்பிரியா ஏற்றுக்கொண்டாள். அருகில் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சந்தையில் அம்மாவுக்குக் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. இரண்டு படங்கள். சாயம் ஏற்றி எடுத்த படத்தில் செத்த செல் சிவப்பாகவும் உயிருள்ள செல் பச்சையாகவும் தெரியும். விளக்குத் தட்டு முழுக்கச் சிவப்பு. அடுத்து இருட்டுத் தட்டின் படத்தைத் திறந்தாள். பச்சை. ஓரத்திலிருந்து ஓரம் வரை பச்சை.

கூடையைக் கீழே வைத்துவிட்டு இசைப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"படம் மாறிப்போகலையே?"

"மூணு தடவை பார்த்துட்டேன்டி. இருட்டுல அத்தனையும் உயிரோட இருக்கு."

எழில்மதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கடைக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சக்கரபாணி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, விஷம் என்று தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு முறை இதே முடிவு வந்தால்தான் நம்புவேன் என்றார். இரண்டு முறையும் வந்தது. மருந்து தயாராகிவிட்டதா என்று அறிவழகன் கேட்டான். இது தட்டில் வளர்ந்த செல்தான், அடுத்தது எலி, மனிதனுக்கு வர வருடக்கணக்காகும் என்றாள் எழில்மதி. சொல்லும்போதே எலிச் சோதனைக்கான அனுமதி விண்ணப்பத்தை மடிக்கணினியில் திறந்துகொண்டிருந்தாள்.