மச்சினனுக்குப் பழக்கிய வேலை

பொழுது விடியுமுன்பே பூலோகம் முழங்கால் வரை சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றான். ஊறிக் கனத்த எருமைத்தோலைக் கொக்கியால் இழுத்துத் தோளில் ஏற்றினான். சுண்ணாம்புத் தண்ணீர் பித்தவெடிப்புக்குள் புகுந்து எரிந்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் தளவாய்க்கு அவன்தான் வேலை பழக்கினான்.

"மயிரைப் பெருவிரலால தள்ளிப் பாரு மாப்ளே. வழுக்கிட்டு வந்தா தோலு தயார்."

பம்பாய் தாராவியில் அந்தத் தோல் பதனிடும் கிடங்கு ஆறுமுகநயினாருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "வெளியாளு எதுக்குவே? சொந்தத்துல ஒரு பயலை வரச் சொல்லுங்க" என்று அவர் கேட்டதும், ஆளாளுக்குத் தம்பியையும் மச்சினனையும் ரயிலேற்றி வரவழைத்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

ரூபாய் மதிப்பைக் குறைத்த வருஷம் அது. புது ஆட்கள் வேலை பழகியதும் பழைய ஆட்களை அண்ணாச்சி நிறுத்திவிட்டார்.

"மார்க்கெட்டு படுத்துக் கெடக்குவே. புதுப் பயலுவ பாதிக் கூலிக்கு நிக்கானுவ. நான் என்ன செய்ய?"

"நாங்க கூட்டிட்டு வந்த பயலுவ அண்ணாச்சி!" என்றான் பூலோகம்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒம் மச்சினன் சம்பாதிச்சா ஒன் வீட்டு அடுப்பு எரியாதா?"

எத்தனை நயமான கழுத்தறுப்பு! வெளியூரான் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பூலோகம் செம்பூர் ஆலைகளுக்கு நடந்தான். காவலாளிகள் கேட்டைத் திறக்காமலே "காம் நஹி" என்றார்கள், வேலை இல்லையாம். கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் மாவாட்ட ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனான். கல்லாவில் இருந்தவர் நல்ல தமிழில்தான் பேசினார், தோல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு.

அன்று சாயங்காலம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எங் கூலியைத் தின்னுதான் ஒந் தம்பி."

மனைவி பூமாரிக்குக் கண் கலங்கியது. "அவனை வரச் சொன்னது யாரு? நீங்கதான?"

தளவாய் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நான் போவலைன்னா இன்னொருத்தன் போவான், அத்தான்."

"ஒருத்தனும் போவலைன்னா?" என்றாள் பூமாரி.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தானும் மச்சினனும் சேர்ந்தே இறங்கி, நாளைக்கு யாரும் உள்ளே போக வேண்டாமென்று கிடங்கு ஆட்களின் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சில கதவுகளில் வசவுதான் கிடைத்தது. மச்சினனைக் கூட்டி வந்த பாவத்துக்கு எல்லா வீட்டிலும் இதே சண்டைதான்.

மறுநாள் விடிந்தபோது பழையவர்களும் புதியவர்களும் கலந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தொட்டியில கெடக்க தோலு நைஞ்சு போவும்லே! ஏல தளவாய், முழுக் கூலி தாறேன். உள்ள வா."

தளவாய் எழுந்தான். பூலோகம் அவன் முதுகையே பார்த்தான். இவனும் போய்விட்டால் எல்லாம் போச்சு.

"எனக்கா, எங்களுக்கா?" என்று கேட்டான் தளவாய்.

"ஒனக்குத்தாம்ல!"

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அத்தானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அண்ணாச்சி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொன்னார். நாளைக்கு இவர்கள் வீட்டில் என்ன வேகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.