தவிட்டுக்கு வாங்கிய மூச்சு

1991ஆம் ஆண்டு ஆவணியில் மீன்காரி எல்லம்மா ஒரு வாரம் இரண்டு பேருக்காக மூச்சு விட்டாள். இரண்டாவது ஆள், செம்பாக்கம் காந்திமதிக்குப் பிறந்த பெண் குழந்தை.

காந்திமதிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஆகவே மூன்றாவது பிறந்த அன்றே, தாம்பரத்து நர்சிங் ஹோமில் வைத்து, அவள் கணவன் தட்சிணாமூர்த்தி வழக்கப்படி ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு குழந்தையைப் பக்கத்து வீட்டு எல்லம்மாவுக்கு விற்றான். பெற்றவளுடையது இல்லையென்றால் சாவு தேடி வராது என்பது நம்பிக்கை. எல்லம்மா கோவளத்து மீனைக் கூவி விற்கக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் குழந்தை நீலம் பாரித்தது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கருப்பையில் இருந்ததுபோலவே இறுகிக் கிடக்கின்றன, ரத்தம் காற்றைத் தொடாமலே சுற்றுகிறது என்றார் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன். ரத்தத்தை வெளியே எடுத்துக் காற்றேற்றித் திருப்பி அனுப்பும் மெஷின் வெளிநாட்டில் இருந்தது. இங்கே இருந்தது மூக்கில் வைத்துக் காற்றை அழுத்தும் ஒரு ரப்பர் பை. உறவினர்கள் முறைபோட்டு அழுத்தினார்கள். காந்திமதியும் அழுத்தினாள். நீலம் மாறவில்லை.

மறுநாள் காலை எல்லம்மா நர்சிங் ஹோம் வாசலில் கூடையை இறக்கிவைத்து, இளைப்பாற ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். உள்ளே குழந்தை சிவந்தது. டாக்டர் அவளை மூச்சடக்கச் சொன்னார், நீலம் திரும்பியது. விடச் சொன்னார், சிவந்தது. அவள் பக்கத்தில் இருக்கும்வரை, விற்ற குழந்தையின் ரத்தம் வாங்கியவளின் நுரையீரலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்கயும் போகாதீங்கம்மா. உட்கார்ந்து மூச்சு விட்டா போதும்."

"அத்தத்தானே சார் பொறந்ததுலேர்ந்து பண்ணிக்கினு கீறேன். மீன் நாத்தம் பரவால்லியா?"

அவளுக்குப் பெஞ்சு போட்டார்கள். அவள் இருமினால் குழந்தை கறுத்தது என்பதால் தெருவில் குப்பை கொளுத்துவதை நிறுத்தினார்கள். ஏழாம் நாள் அந்தச் சின்னக் குழாய்கள் திறந்துகொண்டன. எல்லம்மா மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தாள். குழந்தை நிறம் மாறாமல் தூங்கியது.

அன்றே தட்சிணாமூர்த்தி அதே முறத்தில் தவிடு கொண்டுவந்தான்.

"புடி, எல்லம்மாக்கா. எங்க குழந்தையைத் திருப்பிக் குடுத்துடு."

"எனுக்கு இன்னாத்துக்கு? தாராளமா எடுத்துக்கினு போங்க."

எல்லம்மாவின் விரல் முறத்தில் பட்டது. குழந்தையின் உதடு லேசாக நீலம் காட்டியது. முதலில் பார்த்தவள் காந்திமதி. எழுந்துவந்து முறத்தை வாங்கி ஜன்னல் வழியாகத் தவிட்டைக் கொட்டினாள்.

"உன்னுதாவே இருக்கட்டும், அக்கா. என் வீட்ல வளரட்டும்."

தையல்நாயகி என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பெண் எல்லம்மாவை அம்மா என்றும், காந்திமதியை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். அக்கா என்று குரல் கேட்டபோதெல்லாம் காந்திமதி, "என்னடி" என்று கேட்டாள்.