கையை மறைத்த மாதங்கள்

பாக்கியலெட்சுமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். கணவன் தினேஸுக்குக் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வந்து போவான். மற்ற நாளெல்லாம், தொழிலாளர் வரிசை வீடான அந்த லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் அவளும் மகள் டிலுக்ஷியும் மட்டுந்தான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பாஷை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. மேலுதட்டில் விரலைத் தேய்த்தால் அப்பா. உள்ளங்கையைக் குவித்து ஊதினால் தேத்தண்ணி. தலைக்கு மேலே கையைத் தூக்கி விரல்களை உதிர்த்தால் மழை. டிலுக்ஷிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் வேண்டியதையெல்லாம் கையாலேயே கேட்டு வாங்கிப் பழகியதால் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். பெண்கள் மலைக்கு ஏறும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்திலும், பிள்ளை தொந்தரவு தராத வரையில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

நாலு வயதானதும் தோட்டத்து முன்பள்ளியில் சேர்த்தார்கள். டீச்சர் சுபாஜினி பதுளையில் பயிற்சி எடுத்து வந்த சின்னப் பெண். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குப் போகுமுன் ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் அடிக்கடி சொல்வாள். தானே சப்பாத்துப் போட வேண்டும், கை கழுவ வேண்டும், தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும், பெயரைக் கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிலுக்ஷிக்கு முதல் மூன்றும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னரே கைவந்துவிட்டன. பெயரைக் கேட்டால் மட்டும் காதுக்குக் கீழேயிருந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். வீட்டில் அதுதான் அவள் பெயர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒருநாள் பின்னேரம் டீச்சர் லயத்துக்கு வந்தாள். பக்கத்துக் காம்பிரா ஜீவராணியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாக்கியலெட்சுமியின் கைப்பேச்சு லயத்தில் கொஞ்சமாவது புரிந்தது அவளுக்குத்தான்.

"அம்மா கையால பேசுற வரைக்கும் புள்ள வாயத் தொறக்காதுக்கா" என்றாள் டீச்சர். "ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள பேச்சு வந்தாகணும். கொஞ்ச காலத்துக்குக் கையால பேசாம இருக்கச் சொல்லுங்க."

ஜீவராணி அவளையே பார்த்தாள். "அப்ப இவ யாருகிட்டத்தான் பேசுறது டீச்சர்?"

டீச்சரின் முகம் சுருங்கியது. பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றாள். ஜீவராணி பெருமூச்சு விட்டு டிலுக்ஷியைக் காட்டினாள். பாக்கியலெட்சுமியின் கைகளைப் பிடித்து மடியில் அழுத்தினாள். பிறகு தன் வாயைத் தொட்டாள். பாக்கியலெட்சுமி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் தலையாட்டினாள்.

மறுநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் வந்ததும் டிலுக்ஷி ஓடிவந்து கையால் எதையோ சொல்லத் தொடங்கினாள். தாய் கைகளைத் துவாய்க்குள் சுற்றிக்கொண்டாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்த பிள்ளை சிரித்துக்கொண்டே துவாயை இழுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கை அசையவில்லை. பிள்ளையின் சிரிப்பு நின்றது. பிறகு தாயின் முழங்கையில் அடித்தாள், அழுதாள். பாக்கியலெட்சுமி எழுந்துபோய்த் தண்ணீர் விழும் பீலியடியில் நின்றாள். தண்ணீர் பிடிக்கவேண்டிய வாளியை எடுத்துப்போக அவளுக்குத் தோன்றவில்லை.

மலையில் மற்றப் பெண்கள் பேசிச் சிரிப்பதை அவள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பின்னேரம் மகளிடம் பேசுவதுதான் அவளுடைய பேச்செல்லாம். அது போனபின் காம்பிராவில் சோறு வைப்பதும் தட்டெடுப்பதுமாகவே பொழுது கழிந்தது. பிள்ளை மெல்லமெல்ல ஜீவராணி வீட்டுப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தாய் அந்த வாசலில் போய் நிற்பாள். பிள்ளை தற்செயலாகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஸ் போனில் முகம் காட்டினான். டிலுக்ஷி போனைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பாக்கியலெட்சுமி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். திடீரென்று தினேஸின் கண்கள் விரிந்தன. வாயைப் பொத்திக்கொண்டான், பிறகு யாரையோ பக்கத்தில் இழுத்துப் போனைக் காட்டினான். மகள் பேசிவிட்டாள் என்பதை அவள் கணவனின் முகத்தில்தான் பார்த்தாள். அன்று பாயாசம் காய்ச்சினாள். ஜீவராணி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்து குடித்தாள்.

வருடக் கடைசியில் டீச்சர் மறுபடி வந்தாள், இந்தத் தடவை தனியாக. பதுளையில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தாள். அங்கே வந்த டொக்டர் ஒருவர், கைப்பேச்சு வாய்ப்பேச்சைக் கெடுக்காது, இரண்டும் சேர்ந்தே வளரும் என்று சொல்லியிருந்தார். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டீச்சர் வாசலிலேயே நின்றாள். பிறகு துவாய்க்குள்ளிருந்த பாக்கியலெட்சுமியின் கைகளை வெளியே எடுத்துப் பிள்ளையின் பக்கம் நீட்டிவிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

பாக்கியலெட்சுமிக்கு அந்த வார்த்தைகள் கேட்கவில்லை. டீச்சரின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். உட்காரக் கைகாட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று மகளிடம், பசிக்கிறதா என்று கையால் கேட்டாள். டிலுக்ஷி வாயால் பதில் சொல்லிவிட்டு, தாய் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, கொஞ்சம் யோசித்து வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பசிக்கு அவர்களின் பழைய அடையாளம் அதுவல்ல. பாக்கியலெட்சுமி திருத்தவில்லை. அன்றிலிருந்து தானும் அப்படியே காட்டினாள்.

பாடசாலை தொடங்கிய காலை வானம் கறுத்திருந்தது. லயத்துப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினார்கள். மழை வரப்போகிறது, குடைக்குள் வா என்று பாக்கியலெட்சுமி கையைத் தூக்கினாள். டிலுக்ஷி சிநேகிதிகளைத் திரும்பிப் பார்த்தாள். தாயின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, என்னவோ சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினாள். தாய் குடையைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள்.

பின்னேரம் கதவைச் சாத்தியதும் டிலுக்ஷி பாடசாலைக் கதையெல்லாம் சொன்னாள். பாதி கையால், பாதி வாயால், மூச்சு விடாமல் சொன்னாள். கையால் சொன்னது பாக்கியலெட்சுமிக்குப் புரிந்தது. மற்றதற்கு, அந்தச் சின்ன உதடுகள் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.