டெமாரிஸின் நான்கு ஏக்கர்

“எங்கே கிளம்பிட்டீங்கம்மா, இந்தப் பனியில?”

“நீங்கதானே கேப்டன் ஐயா, பதினாலு நாளுக்குள்ள ஊரை விட்டுப் போகணும்னு காலையில என் வாசல்ல நின்னு படிச்சீங்க?”

“படிச்சேன். அதுக்காக நிஜமாவே கிளம்பிடுவாங்களா யாராவது?”

“பின்னே எதுக்குப் படிச்சீங்க?”

“படிக்கணும்னு சட்டம். போகணும்னு யாரு சொன்னா?”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கனெக்டிகட் ஆற்றுப் படகுத்துறையில் நடந்த பேச்சு இது. சறுக்குவண்டியில் தறியும் பெட்டியும் ஏற்றி, பின்னால் பசுவையும் கட்டிக்கொண்டு நின்றாள் பாஸ்டன் தச்சனின் விதவை டெமாரிஸ். புதிதாகக் குடிவந்தவர்களிடம் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டால், பிற்பாடு அவர்கள் நொடித்துப்போனாலும் சோறுபோடும் பொறுப்பு ஊருக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதை நம்பி மூட்டை கட்டிய முதல் ஆள் அவள்தான். ஊரே சிரித்தது. அதைப் படித்த கேப்டன் எலியாகிம் பெல்டன் மட்டும் சிரிக்கவில்லை. பசுவின் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு அவளைத் திரும்ப அழைத்து வந்தார்.

மறுவருடம் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபர்க் கோட்டைப் போரிலிருந்து அவருடைய ஊர்ப்படை காய்ச்சலோடு திரும்பியது. பத்தொன்பது பேர். சொந்த வீட்டுக்காரர்களே கதவைத் திறக்கத் தயங்கியபோது, தறியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் வீட்டில் வைக்கோல் பரப்பினாள் டெமாரிஸ். பதினாறு பேர் பிழைத்தார்கள். அவள் கையால் பார்லிக் கஞ்சி குடித்து எழுந்தவர்களில் எலியாகிமும் ஒருவர்.

மனைவியை இழந்து தனியாக இருந்த அவருக்கு அந்த நன்றி எப்போது வேறொன்றாக மாறியதென்று தெரியாது. விறகு அனுப்பினார், புகைபோட்ட பன்றித்தொடை அனுப்பினார். கேட்க நினைத்ததை மட்டும் கேட்கவில்லை. படைத் தலைவர், ஊர் நிர்வாகி, நிலப் பதிவேடு எழுதுகிறவர், எல்லாம் அவரே. ஊர் விரட்டாமல் விட்டதால்தான் அவள் இங்கே இருக்கிறாள். அப்படிப்பட்டவர் கேட்டால் முடியாதென்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? பயந்துகொண்டு சரி என்பாள். அந்தச் ‘சரி’ அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம், ஊர்ப்படையின் மே மாதப் பயிற்சி நாள். புல்வெளியில் துப்பாக்கிகளோடு வரிசை நின்றது. ஓரத்து எல்ம் மரத்தடியில் டெமாரிஸ் வந்து நின்றாள்.

“கேப்டன், எங்களை வலப்பக்கம் திரும்பச் சொல்லிட்டு நீங்க மட்டும் இடப்பக்கம் பாக்கறீங்களே!” என்றார் சார்ஜென்ட் ஜேபஸ்.

“வாயை மூடிட்டு நில்லுய்யா.”

“நான் மூடிக்கறேன். நீங்க எப்பத் தொறக்கப் போறீங்க?”

வரிசை முழுக்கச் சிரித்துக் குலுங்கியது.

பயிற்சி கலைந்ததும் அவள் நேரே அவர் வீட்டுக்கு வந்து ஒரு பத்திரத்தை மேசைமேல் வைத்தாள். மில் ஓடைக்கரையில் நான்கு ஏக்கர். தறியில் உட்கார்ந்தே சம்பாதித்தது.

“பதிவு பண்ணிக்கொடுங்க கேப்டன் ஐயா.”

அவர் பேனாவை நனைத்து எழுதத் தொடங்கினார். சொந்த நிலம் உள்ளவர் சட்டப்படி இந்த ஊர்க்காரர். இனி யாரும் எந்தக் காகிதத்தையும் அவளிடம் படிக்க முடியாது. கடைசி வரியில் ஒரே சொல்லை இரண்டு முறை எழுதி அடித்தார்.

“ஏன் தப்புத் தப்பா எழுதறீங்க? காய்ச்சலா?”

“இல்ல.” மை காய மேலே மணலைத் தூவினார். “இனிமே நீங்க என் தயவுல இல்லம்மா. யார் தயவுலயும் இல்ல.”

“நான் என்னிக்கும் அப்படி நினைக்கல. பனியில என் பசுவைப் பிடிச்சுட்டு நடந்தவர் நீங்க. தினம் ஜெபத்துல அதுக்கு நன்றி சொல்றேன்.”

“நானும் சொல்றேன், அந்தக் கஞ்சிக்கு.” பேனாவைக் கீழே வைத்தார். “ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருந்தேன். பிடிக்கலேன்னா தாராளமா முடியாதுன்னு சொல்லலாம். அதுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.”

அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றிப் பதிவேட்டின்மேல் வைத்தார்.

“டெமாரிஸ், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”