அரை மணி வேலை

அண்ணன் கூடத்தில் கிடக்க, பிச்சைமுத்து வாசலில் மோட்டார் காடியின் இஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான். துக்கத்துக்கு வந்தவர்கள் உள்ளே போவதா, இவனை வேடிக்கை பார்ப்பதா என்று தெரியாமல் திகைத்தார்கள்.

"இன்னைக்கா ரிப்பேர்? இவனுக்கு மூளை பிசகிடுச்சா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

பக்கத்து வீட்டுச் சின்னையா காப்பித் தூக்குவாளியோடு வந்தார். "நேத்து மத்தியானத்துலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஒரு வாய் குடி தம்பி."

"வேணாண்ணே."

எப்படி இறங்கும்? அண்ணன் ராமதாஸ் ஜெலுத்தோங் வட்டாரத்தில் வாடகைக் காடி ஓட்டியவன். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "டேய், ஓடும்போது நல்லாத்தான் இருக்கு. மிதியிலேருந்து காலை எடுத்தா இஞ்சின் திக்கி நின்னே போவுது. ஒருதரம் பாருடா." மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் தம்பி, "ஞாயித்துக்கிழமை பாக்கிறேண்ணே" என்றே நாலு ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்திவிட்டான்.

நேற்று பசார்ச் சந்தை முன்னால் காடி நின்றுவிட்டதாம். இறங்கி, இஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதில் நெஞ்சடைத்துவிட்டதாம். அண்ணனை உள்ளே கிடத்தி, காடியை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அப்படியானால் அண்ணனைக் கொன்றது யார்? பழுது தன்னால் தீர்த்திருக்கக்கூடியதா என்று தெரியாமல் பாடைக்குத் தோள் கொடுக்க அவனால் முடியாது.

சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்த கைப்பிடியை எடுத்தான். அண்ணன் போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தான். நாலு சுற்றுக்கு இஞ்சின் கிளம்பியது.

வேகம் கொடுத்தால் சீராக ஓடியது, விட்டால் குலுங்கியது. நின்றுவிடாதபடி வேகத் திருகைச் சற்றே ஏற்றிவிட்டு, மரப்பிடித் திருப்புளியால் ஒவ்வொரு பிளக்காகப் பொறியை நிறுத்திப் பார்த்தான். எதை நிறுத்தினாலும் ஓட்டம் இன்னும் தளர்ந்தது. ஆக நாலு பிளக்கும் பழுதில்லை. கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். எண்ணெய் உள்ளே இழுபட்டது. குலுக்கல் சட்டென்று அடங்கியது. எண்ணெய் தீர்ந்ததும் பழையபடி திக்கல்.

மூட்டுக்கு நடுவில் வைத்த காகிதம் நைந்துபோய்க் காற்றை உறிஞ்சுகிறது. புதுசு வெட்டிப் போட்டால் தீர்ந்தது. அரை மணி வேலை. அடப்பாவி, வெறும் அரை மணி! எண்ணெய்க் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. முக்காடு போட்ட பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள்.

"நீங்க டிரைவரோட தம்பியா? நான் ஹபீபா பீவி. நேத்து பின் சீட்டுல நானும் மகளும்தான் இருந்தோம்."

"என்னாலதான் அக்கா. நான் காடியைச் சரி பண்ணியிருந்தா அவரு இறங்கிச் சுத்தியிருக்க மாட்டாரு."

"யாரு இறங்கினா? அவரு இறங்கவே இல்லியே!"

பிச்சைமுத்து நிமிர்ந்தான்.

"பசார் கூட்டத்துல மெல்ல ஊர்ந்துதான் வந்தாரு தம்பி. திடீர்னு நெஞ்சைப் பிடிச்சாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. காடி பாட்டுக்குப் போவுது. முன்னால மீன்காரவுங்க தரையில உக்காந்திருக்காங்க. நான் ஐயோன்னு கத்துறேன். நல்ல காலம், திக்கித் திக்கித் தானா நின்னுச்சு. மீன்கூடைக்கு ஒரு சாண்தான் இருந்துச்சு."

"நின்ன பிறகா வலி வந்துச்சு?"

"வலி வந்த பிறகுதான் நின்னுச்சு."

"இன்னொருதரம் சொல்லுங்கக்கா."

சொன்னாள். அவன் கீழே கிடந்த சாக்கையும் கயிற்றையும் பார்த்தான். தன் பல்லால் அவிழ்த்த முடிச்சு; நேற்று அண்ணன் கைப்பிடியை எடுக்கவே இல்லை. அட, கண்ணெதிரே இருந்திருக்கிறதே!

அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றிலிருந்து குற்றத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தான், அண்ணனுக்காக அழ இடமே இல்லை. இப்போது உட்கார்ந்து ஆசை தீர அழுதான். நெஞ்சு லேசாகிவிட்டது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "சின்னையாண்ணே, அந்தக் காப்பி இருக்கா?"

"ஆறிப்போச்சேப்பா."

"பரவால்ல, குடுங்க."

அவன் குடித்துக்கொண்டிருக்கையில் இஞ்சின் இரண்டுமுறை குலுங்கித் தானாகவே நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிச்சைமுத்து காலிக் குவளையை மறுபடியும் நீட்டினான்.