மூடியில் கை வைத்தவர்

வேலை முடிந்து வீடு திரும்பி, ஜாடிகளைப் பார்த்ததுமே டிரைவரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் பள்ளிப் பேருந்தை எடுக்கக் கிளம்பும் முன், சமையல் மேடையில் பழைய துண்டை விரித்து, கொதிநீரிலிருந்து எடுத்த தக்காளி ஜாடிகளை இடைவெளி விட்டு வைத்திருந்தாள். சூடு ஆற ஆற, மூடியின் நடுவிலிருக்கும் சின்னப் புடைப்பு தானாக உள்வாங்கி ‘டக்’கென்று சத்தம் போடும். அப்படி உள்வாங்கினால் ஜாடி காற்றுப் புகாமல் இறுகிவிட்டது என்று பொருள். அதுவரை ஜாடிப் பக்கம் கையே போகக் கூடாது. இதை வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது சும்மா இருந்திருக்கும்.

கோணல்மாணலாக விட்டுப்போன ஜாடிகள் இப்போது நேர்வரிசையில் விறைப்பாக நின்றன. ஒரு மூடிகூடப் புடைத்திருக்கவில்லை.

“யாரு இதைத் தொட்டது?”

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆனாலும் கேட்டாள், கேட்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பக்கத்து அறையிலிருந்து அவர் வந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் பொழுதுபோக்கு. அதோடு நின்றிருந்தால் கும்பிட்டிருப்பாள். நன்றாக வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து அதன் ஜென்மத்தையே முடித்தவர் அவர்.

“நான்தான்” என்றார் பெருமையாக. “ஒண்ணு ரெண்டு தவிர மூடியெல்லாம் மேல உப்பிக்கிட்டு நின்னுது. நல்லவேளை நான் பார்த்தேன். கட்டை விரலால ஒண்ணொண்ணா அழுத்தி, மூடி மேல திருகுற வளையத்தையும் நல்லா இறுக்கிட்டேன்.”

சபாஷ் வாங்க வந்த முகம் அது.

அவள் முதல் ஜாடியின் வளையத்தைக் கழற்றி, மூடியைப் பிடித்துத் தூக்கினாள். மூடி மட்டும் கையோடு வந்தது. அடுத்ததில் ஜாடியும் சேர்ந்து எழும்பியது.

“பாரு, இது பிடிச்சிருக்கே!” என்றார்.

“இன்னைக்குப் பிடிக்கும். சூட்டோட சூடா இறுக்கினா மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் நசுங்கிடும். அலமாரிக்குப் போனப்புறம் கெட்டா நமக்கு எப்படித் தெரியும்? எது தானா இறுகினது, எது உங்க கட்டை விரலுக்குப் பயந்து குனிஞ்சதுன்னு இப்ப யாரு சொல்றது? சாப்பிட்டு ஆஸ்பத்திரியில படுக்கவா?”

ஒரு முறை சூடு கண்ட மூடி மறுபடி ஒட்டாது; இன்னொரு தடவை கொதிக்க வைத்து மூடப் புது மூடி ஒன்றுகூட மிச்சமில்லை. தோட்டத்திலும் ஒன்றுமில்லை; காய்த்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டாயிற்று. விடியுமுன் எழுந்து தண்ணீர் ஊற்றி, புழு பொறுக்கி வளர்த்த ஒரு வருஷத்துத் தக்காளி மொத்தமும் அந்த மேடையில்தான் இருந்தது. இனி சுண்டக் காய்ச்சி, தெருவுக்கெல்லாம் கொடுத்து, இந்த வாரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டியதுதான்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்றார்.

அந்த வார்த்தையில்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று அவர் அறைக்குள் போனாள். மேசையில் வெள்ளைத் துணி மேல் ஒரு கடிகாரம் பல்சக்கரம் பல்சக்கரமாகப் பரப்பிக் கிடந்தது.

“சிதறிக் கிடக்கே. எல்லாத்தையும் ஒரு டப்பாவுல அள்ளிப் போடட்டுமா? நல்லதுக்குத்தான்.”

“ஏய், தொடாதே!” ஓடி வந்து குறுக்கே கை நீட்டினார். குரல் கிறீச்சிட்டது. “கழட்டின வரிசையில வெச்சிருக்கேன். ஒண்ணு நகர்ந்தாலும் போச்சு! என்னைக் கேட்காம எப்படி…”

நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அவளுக்கு விரல்கள் துறுதுறுத்தன. ஒரே வீச்சு, எல்லாம் தரையில். ஆனால் முடியவில்லை. பாவம் பார்த்து அல்ல. உட்கார்ந்து செய்த வேலை அது என்று கண்ணுக்குத் தெரிந்ததே, அதனால். அந்த ஆத்திரத்திலும் தான்தான் நியாயமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று இன்னும் எரிந்தது.

திரும்பி வந்து பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“நான் கிளறட்டுமா?”

“வேண்டாம்.”

“ஜாடியையாவது கழுவி…”

“வேண்டாம்.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“சும்மா இருங்க. இது என் வேலை. நான் கூப்பிடாம இதுல கை வைக்காதீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்ககிட்ட நான் கேக்கறது இது ஒண்ணுதான்.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கேயே நின்றார்.

அவள் ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து சட்டியில் கொட்டினாள். ஒரு மூடி மட்டும் லேசில் வரவில்லை. கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள், அப்போதும் அசையவில்லை. தானாகவே, யார் தயவும் இல்லாமல், நன்றாக இறுகியிருந்த ஜாடியாகத்தான் அது இருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் ‘இருக்க வேண்டும்’ என்பதை நம்பி அலமாரியில் வைக்க முடியாது. அவள் பல்லைக் கடித்து இன்னொரு முறை நெம்பி, அதையும் சட்டியில் கவிழ்த்தாள்.