ஞாயிற்றுக்கிழமை பால்கனி

புதன்கிழமை சாயங்காலம் ஜெயந்த் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். இன்று எதிர்காலத்துக்குப் போய் வந்திருக்கிறான் என்று ஸ்வப்னாவுக்குப் புரிந்துவிட்டது.

அவனுடைய ஆய்வுக்கூடத்தில் அதுதான் வேலை. சில நாட்கள் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பார்த்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்கப்பா வீட்டு பால்கனி இடிஞ்சு விழுது," என்றான். "அவர் பேப்பரோட அங்கதான் உட்கார்ந்திருக்கார்."

ஸ்வப்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கே?"

"இருக்கு. ஒருத்தரைக் காப்பாத்தப் போனா இன்னொருத்தருக்கு என்ன ஆகும்னு தெரியாதாம். மீட்டிங்ல நானும் தலையாட்டினேன். அப்போ பால்கனியில யார் உட்கார்ந்திருக்கான்னு தெரியாதே."

அவள் உடனே அப்பாவுக்கு போன் போட்டாள். அம்மா போன பிறகு சேஷன் டில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். ஜெயந்த் வேறு ஜாதி என்பதால் கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பின் இவர்கள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

"பால்கனி விழுமா? வாட்ஸ்அப்ல வந்துதா?" என்று சிரித்தார் சேஷன். "போன வாரம் டில்லிக்கு சுனாமியே வந்துது. நான்கூட நாலு பேருக்கு அனுப்பினேன். கவர்மென்ட் கட்டின வீடும்மா இது."

புகார் கொடுத்து ஆள் வந்து பார்ப்பதற்குள் ஞாயிறு போய்விடும். எச்சரிக்கை என்று எதைச் சொன்னாலும் அப்பா சிரிப்பார். ஒரே வழிதான் இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போய் நின்றாள்.

"நாளைக்கு சாயங்காலம் எங்காத்துக்குக் காபி சாப்பிட வாங்கோப்பா."

"அவர் இருப்பாரா?"

"அவராத்துக்குத்தானே கூப்பிடறேன்."

சேஷன் பேப்பரைப் புரட்டினார்.

"கல்யாணத்துக்கு வராத உங்களை இனிமே கூப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள். அதைச் சொல்ல நடிப்பு வேண்டியிருக்கவில்லை. "கூப்பிடறேன். வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை சேஷன் வந்தார். கையில் சொந்தக் காபிப்பொடிப் பொட்டலம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜெயந்த் கலந்து கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ராஜகோபால்.

"சேஷன், எங்கே இருக்கேள்? உங்க பால்கனி அப்படியே கீழே வந்துடுத்து! நல்லவேளை, கீழேயும் யாரும் இல்லை."

சேஷன் போனை வைத்தார். மகள் பக்கம் திரும்பினார்.

"வாட்ஸ்அப்லதான் வந்துதா?"

ஸ்வப்னா ஜெயந்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவன் வேலை பிழைக்கும். அவன் லேசாகத் தலையசைத்தான், சொல்லு என்பதுபோல.

"இல்லைப்பா. இவர்தான் இன்னிக்கு நடக்கப்போறதை முன்கூட்டியே பார்த்துட்டு வந்து சொன்னார். சொல்லக் கூடாதுன்னு ரூல். வேலையே போயிடலாம்."

முப்பது வருஷமாக ரூல்களோடு ஃபைல் பார்த்தவர் சேஷன். காலி டம்ளரை ஜெயந்த் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கொடுங்கோ, மாப்பிள்ளை. இந்தத் தடவை என் பொடியில போடுங்கோ. உங்க பொடி சகிக்கலை."